வளையலும் பீஜகணிதமும்

பள்ளிக்கூட நாளில் நமக்குப் பீஜகணிதத்தின் மேல் இருந்த வெறுப்பு கொஞ்ச நஞ்சமல்ல. அதிலும் இந்தக் கலவைக் கணக்குகள்! பால்காரன் இத்தனை படி பாலில் எத்தனை படி தண்ணீர் விட்டான் என்று கேட்பார்கள். அதைப் பால்காரனிடமே கேட்டுவிட்டால் தீர்ந்தது என்பது அக்காலத்தில் நமது அபிப்பிராயம்.

சென்ற மாதம் அந்தக் கணக்கு நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொண்டது. மூத்த பெண்ணுக்கு விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. நமது தாயார் வைத்துவிட்டுப் போன வளையல் ஒரு ஜோடி உண்டு. இரண்டு சவரன், அதாவது 16 கிராம். அதை உருக்கிச் சங்கிலி செய்யலாமென்று பத்தரிடம் கொண்டு போனோம். அவர் கல்லில் உரைத்துப் பார்த்து, "இது 22 காரட் இல்லை, ஸார், 18 தான்" என்றார். பத்தரை மாற்று என்று அம்மா ஆயுள் முழுதும் போற்றிய பொருள்! விற்ற கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அம்மாவும் இல்லை, அந்தக் கடையும் இப்போது இல்லை.

"பாதகமில்லை, சொக்கத் தங்கம் கொஞ்சம் சேர்த்து 22 ஆக்கிவிடலாம்" என்றோம். ஒரு சவரன் போதுமென்பது நம் மதிப்பு. கூட வந்திருந்த நம் மனைவி ஒன்றரை என்றாள். பத்தர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

இரவு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சின்னப் பெண் காகிதத்தை எடுத்தாள். உருக்குவதற்கு முன் இரண்டிலும் உள்ள சுத்தத் தங்கத்தைக் கூட்டினால், உருக்கிய பின் உள்ளதற்குச் சமமாக வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம் என்றாள். சேர்க்க வேண்டிய கிராமுக்கு 'க்ஷ' என்று பெயர் வைத்தாள்.

16 × 18 + 24க்ஷ = 22 (16 + க்ஷ)

இந்தப் பக்கம் 288, அந்தப் பக்கம் 352, வித்தியாசம் 64. இரண்டு க்ஷ 64 என்றால், ஒரு க்ஷ 32. நாலு சவரன்!

நம்பாமல் திருப்பிப் பார்த்தோம். வளையலில் உள்ள சுத்தத் தங்கம் 12 கிராம். அதனுடன் 32 சேர்த்தால் 44. மொத்த எடை 48. சரியாக 22 காரட். யோசித்தால் நியாயமும் விளங்குகிறது. 18 என்பது 22-க்கு நாலு படி கீழே நிற்கிறது. 24 இரண்டே படி மேலே. ஆகவே மட்டத்தைப் போல் இரு மடங்கு உயர்ந்தது வேண்டும். பாஸ்கராசாரியர் 1150-ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியில் பொன் கணக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எடையையும் மாற்றையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுக்கச் சொல்கிறார். நமது பெண் செய்ததும் அதுதான். அதை அவளிடம் சொல்லவில்லை, பரீட்சைக்கு முன் கர்வம் ஆகாதென்று.

நாலு சவரனுக்கு எங்கே போவது? நாம் மௌனமாயிருந்தோம். மூத்தவள் வளையலைக் கையில் போட்டுப் பார்த்துக் கொண்டே, "இப்படியே இருக்கட்டும் அப்பா, பாட்டி கையில் கிடந்ததாயிற்றே" என்றாள்.

மெருகு போடுவதற்காகப் பத்தரிடம் கொடுத்திருக்கிறோம். கூலியை அவர் கணக்குப் போடாமலே சொல்லிவிட்டார்.