பெயர் மட்டும் வேணாம் தம்பி!

வாசகிகளின் சமையல் குறிப்புகளை ஆன்லைனில் வெளியிடும்போது, கடைசியில் 'குறிப்பு அனுப்பியவர்கள்' என்று ஒரு பெயர் வரிசை வரும். அதை யாரும் உட்கார்ந்து டைப் செய்வதில்லை. பெயர்களெல்லாம் ஒரு 'அரே'யில் இருக்கும். எண் ஒட்டிய டப்பாக்களை அலமாரியில் அடுக்கிய மாதிரி. பிஎச்பி மொழியில் 'இம்ப்ளோட்' என்றொரு கட்டளை, நடுவே கமா போட்டு எல்லாவற்றையும் ஒரே வரியாகக் கோத்துவிடும்.

போன மாதம் ஒரு வாசகி போன் செய்தார். "குறிப்பைப் போடுங்க தம்பி, பேர் மட்டும் வேணாம். வீட்ல தெரிஞ்சா பெரிய பேச்சாகிடும்." காரணத்தை நான் கேட்கவில்லை. அவர் பெயர் லட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். (நிஜப் பெயரை இங்கே எழுதினால் நான் செய்த வேலைக்கே அர்த்தமில்லை!)

"கோத்த பிறகு அந்த வரியில் லட்சுமியைத் தேடி அழிச்சிடேன்" என்றார் பக்கத்து சீட் நண்பர். அழிக்கலாம். ஆனால், அதே வரியில் இருக்கும் விஜயலட்சுமி வெறும் 'விஜய' ஆகிவிடுவார். அழித்த இடத்தில் இரண்டு கமாக்கள் பல்லிளிக்கும். கோப்பதற்கு முன்பே எடுத்துவிடுவதுதான் சரி. அதற்கு 'அரே டிஃப்' இருக்கிறது. சொன்ன பெயரை விட்டுவிட்டு மீதியைத் தரும்.

சிக்கல் என்னவென்றால், பட்டியலில் இரண்டு லட்சுமிகள். இன்னொருவருக்குப் பத்திரிகையில் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. 'எப்போ வரும்?' என்று வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டுவிட்டார். அரே டிஃப்புக்கு ஆள் தெரியாது, எழுத்துதான் தெரியும். இருவரையும் சேர்த்தே தூக்கிவிடும்.

அதனால் பெயரை விட்டுவிட்டு டப்பாவின் எண்ணைச் சொன்னேன். எண் 0-விலிருந்து தொடங்கும் என்பதால் 18-வது பெயருக்கு எண் 17. 'அன்செட்' போட்டு அதை நீக்கிவிட்டு, பிறகு இம்ப்ளோட். இடையில் 17 இல்லாமல் போனதைப் பற்றி இம்ப்ளோட் கவலைப்படாது. இருப்பவர்களை மட்டும் கோக்கும், கமாவும் சரியாக விழும்.

"திரையில் மட்டும் மறைத்தால் போதாதா?" நண்பர் விடவில்லை. போதாது. பக்கத்தின் சோர்ஸ் கோடில் பெயர் அப்படியே இருக்கும், பார்க்கத் தெரிந்தவர் பார்த்துவிடுவார். பிஎச்பி ஓடுவது எங்கள் சர்வரில். அங்கேயே எடுத்துவிட்டால் உங்கள் போனுக்கு அந்தப் பெயர் வந்தே சேராது.

அன்று இரவு இன்னொரு லட்சுமி, தன் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்.