அத்தானின் காரில் ஒரு வானொலி

2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் இலண்டனில் எம் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்தோம். அத்தானுக்கு அங்கே ஒரு செல்வம் உண்டு: 1964ஆம் ஆண்டில் அபிங்டன் தொழிற்சாலையில் உருவான எம்.ஜி.பி. கார். தமக்கையார் அதனைத் தம் சக்களத்தி என்பார்.

அக்காலத்தில் இத்தகைய கார்களில் வானொலி வேண்டுவோர் மேற்பணம் கொடுத்தே பூட்டுவிக்க வேண்டும். வேண்டாதார்க்கு அவ்விடத்தை ஒரு தகடு மூடிக்கிடக்கும். எம்.ஜி.பி.யில் முகப்புப் பலகையின் நடுவே வானொலி. அதன் கீழே, இருவர் முழங்கால்களுக்கும் இடையில், ஒரேயொரு ஒலிபெருக்கி. இடம் வலமெனப் பிரிந்தொலிக்கும் இன்றைய வசதி இல்லை. எஞ்சினின் தீப்பொறி வானொலியில் இரையாதபடி கொயிலிலும் தைனமோவிலும் சிறு கொள்ளளவிகள் பூட்டுவர்.

அத்தானின் காரை முன்பு வைத்திருந்த எவரோ வானொலியைக் கழற்றிவிட்டார். அக்காலத்து றேடியோமொபைல் பெட்டியொன்றைத் தேடிப்பிடிக்க அத்தானுக்கு நான்கு ஆண்டுகள் சென்றன.

"தம்பி, பௌதிகம் படிப்பிக்கிறவர் நீர்தானே, நீரே பூட்டிவிடும்" என்றார்.

மறுக்க எம் செருக்கு விடவில்லை. பெட்டியின் பின்புறத்தில் நேர், மறை என மாற்றியமைக்கத்தக்க செருகி ஒன்றிருந்தது. காரின் உடல் மறை முனையோடு இணைந்திருக்கும் என்பதே மாணவர்க்கு நாம் சொல்லிவந்த பாடம். பற்றறியைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவ்வண்டியில் ஆறு வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டு, இருக்கைகளின் பின்னே ஒரு மூடியின் கீழ் ஒளிந்திருந்தன. மூடியைத் திறக்கச் சோம்பினோம். செருகியை மறைக்குத் திருப்பி ஆளியை அழுத்தினோம். ஒலி எழவில்லை, கருகல் மணமே எழுந்தது.

1967 வரை வந்த எம்.ஜி.பி. கார்களில் பற்றறியின் நேர் முனையே உடலோடு பூட்டப்பட்டது. திசைமாறிப் பாய்ந்த மின்னை அப்பழைய ஜேர்மானியம் திரான்சிற்றர்கள் தாங்கவில்லை. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. இரவுணவின்போது ஊரில் மழை எப்படி என்று வினவினார். ஏசியிருந்தால் ஆறுதலாயிருக்கும்.

புதிய வானொலியும் இரு ஒலிபெருக்கிகளும் வாங்கித் தருவதாகச் சொன்னோம். அவற்றைப் பொருத்தக் கதவுகளில் வட்டத் துளை வெட்டவேண்டும்.

"வெட்டினது வெட்டினதுதான், தம்பி. வேண்டாம்" என்றுவிட்டார்.

ஓய்வுபெற்ற திருத்துநர் ஒருவரிடம் பெட்டியைச் சுமந்து சென்றோம். திரான்சிற்றர்கள் இரண்டை மாற்ற அவருக்கு மூன்று வாரமாயிற்று. நாம் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை அத்தானுடன் கூரை திறந்த வண்டியில் சென்றோம். வண்டி நின்றபோது தெளிவாகக் கேட்ட செய்தி, மணிக்கு ஐம்பது மைலில் காற்றோடு போயிற்று. அத்தான் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், அவர் பொருட்படுத்தவில்லை.

வீடு திரும்பியதும், தந்தையார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரின் முன்மூடியைத் திறந்து பார்த்தோம். சிறுவயது முதல் நாம் கழுவித் துடைத்துவரும் வண்டி அது. அதிலும் நேர் முனையே உடலோடு பூட்டியிருந்தது. அத்தானுக்கு இதனை இன்னும் அறிவிக்கவில்லை.