கரண்ட் எவ்வளவு இழுக்குது?

காயலான் கடையில் எல்லா போர்டும் ஒன்றல்ல. விளிம்பில் தங்க முலாம் பூசியது தனி மூட்டை, கம்ப்யூட்டர் மதர்போர்டு தனி மூட்டை. டிவி, ஸ்டெபிலைசர் போர்டெல்லாம் 'மட்டம்'. ராயபுரம் பக்கம் அப்படியொரு கடையில் நான் நின்றிருந்தபோது, கொல்லையில் ஒரு இளைஞர் பர்னர் தீயில் போர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஐசிகள் தகரத் தட்டில் உதிர்ந்தன. பழைய சால்டரில் 63 பங்கு வெள்ளீயம் என்றால் 37 பங்கு காரீயம். அந்தப் புகைக்கு நடுவில் அவர் முகத்தில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை மட்டும்தான்.

"தீயில காட்டினத நான் வாங்க மாட்டேன்" என்றார் என்னை அங்கே அழைத்துப்போன பெரியவர். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போர்டை முழுசாக வாங்கிப் போய், வீட்டில் சால்டர் சக்கர் என்ற உறிஞ்சியால் ஒவ்வொரு காலாக சால்டரை உறிஞ்சி எடுப்பார். எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக இருக்கும் ஆலைகளும் பட்டறைகளும் எழுபது, எண்பதுகளில் வாங்கிய எந்திரங்களைக் கழிக்கும்போது, அவற்றின் கண்ட்ரோல் கார்டுகள் இப்படித்தான் எடைக்கு வருகின்றன.

அவர் மாடி அறையில் ஒரு மேசை. அதில் பிரெட்போர்டு, 5 வோல்ட் சப்ளை, இரண்டு மல்டிமீட்டர். பிஸ்கட் டப்பாக்களில் ஐசிகள். பெரும்பாலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சரக்கு, முதுகில் எல் சால்வடார், மலேசியா என்று நாட்டுப்பெயர். கால்கள் கரியாய்க் கருத்திருந்தன. அந்தக் காலத்து ஐசி பலவற்றின் காலுக்கு வெள்ளி முலாம். கந்தகம் கலந்த காற்றில் வெள்ளி கருக்கும். இங்கே மணலி சுத்திகரிப்பு ஆலை ஒரு பக்கம், எண்ணூர் ஆலைகள் மறுபக்கம்; அந்தக் காற்றுக்குக் குறைவில்லை. "என் கொலுசும் இதே கலர்தான்" என்றார் டீ கொண்டு வந்த அம்மா. பெரியவர் பென்சில் ரப்பரால் காலைத் தேய்த்தார். பிளேடு வைத்துச் சுரண்டினால் முலாமே போய்விடுமாம்.

ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "இது என்ன நம்பர்?" என்றார். 7432 என்று படித்தேன். 7432 என்றால் ஆர் கேட். சிரித்தார். அதற்கு மேல்வரியில் 7400 என்று இருந்தது. கீழே இருந்தது தயாரித்த தேதி: 1974, 32-வது வாரம். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இந்த ஐசியைத்தான் முதலில் கொடுப்பாராம்.

7400-க்கு 14 கால், உள்ளே நான்கு நாண்ட் கேட். 14-வது காலுக்கு 5 வோல்ட், 7-வது கால் கிரவுண்ட். கேட்டின் இரண்டு உள்ளீடும் உயர்ந்தால் மட்டும் வெளியீடு தாழும். இதைக் கல்லூரி லேப் பையன்கூடச் சொல்லிவிடுவான். கையடக்க டெஸ்டரில் செருகினாலும் 'பாஸ்' என்று வந்துவிடும். பெரியவர் அதோடு விடுவதில்லை. பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புது எழுத்து அச்சடித்த சரக்கும் சந்தையில் உலவுகிறதே.

"மேல எழுதினதப் பாக்காத தம்பி, அது பெயிண்ட். கரண்ட் எவ்ளோ இழுக்குதுன்னு பாரு."

சப்ளை ஒயரில் மீட்டரைத் தொடராகப் போட்டார். உள்ளீடுகள் தாழ்ந்திருக்கையில் சுமார் 4 மில்லியாம்பியர். எல்லா உள்ளீட்டையும் உயர்த்தியதும் 12-ஐத் தொட்டது. அடுத்து ஒரு உள்ளீட்டை எதிலும் இணைக்காமல் விட்டு அளந்தார்: ஒன்றரை வோல்ட் அளவில் அசையாமல் நின்றது. உயர்ந்த வெளியீடு மூன்றரை வோல்ட்டை ஒட்டி. இவை மூன்றும் டிடிஎல் என்ற பழைய வகை ஐசியின் அசல் குணம். அதே நம்பர் அச்சிட்ட இன்னொன்றைச் செருகினார். மீட்டர் அசையவே இல்லை, வெளியீடு ஏறக்குறைய முழு 5 வோல்ட். திறந்துவிட்ட உள்ளீடு விரல் கிட்டே போனாலே தடுமாறியது. உள்ளே இருப்பது சிமாஸ் என்ற வேறு வகை. கேட் வேலையை அதுவும் ஒழுங்காகத்தான் செய்கிறது. ஆனால் பழைய கார்டில் போட்டால், டிடிஎல்லின் மூன்றரை வோல்ட்டை அது 'உயர்வு' என்று எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டுவார். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடேறியதும் 'நடிக்கிற' ஐசிகள் அப்போது மாட்டும். நான் இருந்த நேரத்தில் ஒன்று மாட்டியது; ஒரு காலை ஒடித்துவிட்டுக் குப்பையில் போட்டார். இன்னொருவர் கைக்கு அது நல்லதென்று போய்விடக் கூடாதாம். இந்த நேர்மைக்கு யாரும் அவருக்குக் காசு கொடுப்பதில்லை. லேத் பட்டறைக்காரர்கள் செத்த கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஐசிக்கு மட்டும் ஏதோ வாங்கிக்கொள்கிறார். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடிக் கிடைக்காதது இவரிடம் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கடைசி டப்பாவில் இருந்தவைதான் அவருக்கு உயிர். முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் என்ற நினைவக ஐசிகள். 2716 என்பதில் 2048 பைட் பிடிக்கும். ஒரு எந்திரத்தின் மொத்தப் புத்தியும் சில சமயம் அதற்குள் அடங்கிவிடும். புற ஊதா ஒளி பட்டால் அழியும். அழிப்பான் விளக்கில் கால் மணி, அரை மணி நேரம், நேர் வெயிலில் ஒரு வாரம். அதனால்தான் ஜன்னல்மேல் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். பத்தாண்டு தாங்கினால் போதும் என்று செய்தவை நாற்பது ஆண்டுக்குப் பிறகும் பல உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சப்ளையைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் படித்து, இரண்டு பிரதியையும் ஒப்பிடுகிறார். வேறுபட்டால் நினைவு மங்குகிறது என்று பொருள். உடனே நகல் எடுத்து வைத்துவிடுவார். காயலான் கடையிலோ, உள்ளே பளபளப்பது தங்கமா என்று பார்க்க அந்தக் காகிதத்தைத்தான் முதலில் உரிக்கிறார்கள்.

உங்கள் பட்டறையில் கழித்துப்போட்ட பழைய கார்டு இருந்தால், எடைக்குப் போடும் முன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை ஜன்னல்மேல் ஒட்டிய அந்தக் காகிதத்தை உரிக்காதீர்கள்.