சுவான்சௌவில் ஒரு நரசிம்மர்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருடத்துக்கு இரண்டு முறையாவது சுற்றி வரும் செய்தி அது. 'சீனாவில் தமிழன் கட்டிய சிவன் கோயில்!' கூடவே நான்கு நெருப்பு எமோஜி. அந்த ஊரின் பெயர் சுவான்சௌ. பலரும் குழப்பிக்கொள்ளும் குவாங்சோ இல்லை. இது ஃபுஜியன் மாகாணத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. பக்கத்து ஊரான சியாமெனில் அக்கா வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன அம்மாவும் நானும் இரண்டு நாள் அங்கேயும் போய்வந்தோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... அங்கே இப்போது சிவன் கோயில் இல்லை. ஆனால், இருந்தது. 1281 சித்திரை மாதத்தில் சம்பந்தப்பெருமாள் என்பவர், மங்கோலியப் பேரரசரின் உடல்நலத்துக்காக இங்கே இறைவனை எழுந்தருளச் செய்ததாகத் தமிழ்க் கல்வெட்டே சொல்கிறது. கல்வெட்டில் 'செகசை கான்' என்று வருபவர் குப்லாய் கான்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மார்கோ போலோவும் இபின் பதூதாவும் 'சைத்தூன்' என்று எழுதிய துறைமுகம் இதுதான். 1009-ல் கட்டிய மசூதியும் சீனர்களின் குவான் யூ கோயிலும் இன்றும் ஒரே தெருவில் அருகருகே இருக்கின்றன. 2021-ல் யுனெஸ்கோ இந்த ஊரின் 22 இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

நாங்கள் தேடிப்போனது கையுவான் புத்தர் கோயிலை. இரண்டு பக்கமும் 40 மீட்டருக்கு மேல் உயரமான கல் கோபுரங்கள், நடுவே பெரிய மண்டபம். எல்லோரும் முன்பக்கம் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் போனால் பின்பக்கம் போங்கள். அங்கே வரிசையாக நிற்கும் தூண்களில் இரண்டு மட்டும் வேறு ரகம். பல பட்டைகள் கொண்டவை, வட்டங்களுக்குள் சிற்பங்கள். ஒன்றில் நரசிம்மர், இரணியனின் வயிற்றைக் கிழிக்கிறார். இன்னொன்றில் கோபியரின் சேலையைத் தூக்கிக்கொண்டு கண்ணன். அம்மாவுக்கு கைடே தேவைப்படவில்லை, அவரே எனக்கும் அக்காவுக்கும் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "கோயிலை இடிச்சுட்டாங்களாடி?"

ஃபார்வர்டுகள் பதில் சொல்லாத கேள்வி. யுவான் ஆட்சியின் கடைசியில், 1357 முதல் 1366 வரை இந்த ஊரே கலகத்தில் சிதைந்தது. வெளிநாட்டு வணிகர்கள் கிளம்பிவிட்டார்கள். பிறகு மிங் காலத்தில் புத்தர் கோயிலைப் புதுப்பித்தவர்கள், கிடைத்த கற்களை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். மண்டபத்தின் மேடைக்குக் கீழே ஓடும் மனிதமுகச் சிங்கங்களும் அப்படி வந்தவைதான். யாரோ செதுக்கினார்கள், யாரோ காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 'தமிழன்டா' என்பதற்குள் இது அடங்காது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம முகப்புத் தூண் மாதிரிதான்" என்றார். காரைக்குடிப் பக்கம் அவருடைய அப்பத்தா வீடு. பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் பிரித்து விற்றார்கள். கதவு ஒருவருக்கு, பர்மா தேக்குத் தூண்கள் ஒருவருக்கு. எனக்கு அந்த வீட்டை போட்டோவில்தான் தெரியும். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவார். அன்றைக்கு அவராகவே அரை மணி நேரம் பேசினார். எந்தத் தூணில் சாய்ந்து சடை பின்னிக்கொள்வார் என்பது வரைக்கும்.

பக்கத்தில் ஊதுபத்தியோடு நின்ற பாட்டி ஒருவர், அம்மா கைகூப்பியதைப் பார்த்துவிட்டு மூன்று குச்சிகளை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டார். சாம்பல் தொட்டி மண்டபத்துக்கு முன்னால் புத்தரைப் பார்த்தபடி இருந்தது. அங்கே போய் வைத்தார்.

மறுநாள் சுன்பூ மீனவக் கிராமம். சிப்பி ஓடுகளால் சுவர் எழுப்பிய வீடுகள், தலை கொள்ளாத பூச்சரத்தோடு பெண்கள். இப்போது சுற்றுலாப் பயணிகளும் காசு கொடுத்து அப்படிப் பூ வைத்துக்கொள்கிறார்கள். "இவ்ளோ பூ கல்யாணத்துக்குக்கூட வெச்சதில்ல" என்று சிரித்தபடி அம்மாவும் உட்கார்ந்துவிட்டார். நிலக்கடலையைக் குழைய வேகவைத்த இனிப்பு சூப்பும் ரொம்பப் பிடித்துப்போனது. அருங்காட்சியகத்தில் லிங்கத்தை வணங்கும் யானைச் சிற்பம் இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

சியாமென் திரும்பும் ரயிலில் அம்மா பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, நம்ம முகப்புத் தூணை வாங்குனவர் நம்பர் யார்கிட்டயாச்சும் இருக்குமா?"