சந்துக்குள் ஒரு பழைய பலகை

டோக்கியோவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கோயில் படம், புல்லட் ரயில் படம் எல்லாம் போட்டுவிட்டேன். இன்று ஒரு முடிவெட்டும் கடையைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் காலையில் நடக்கிற சந்தில் இருக்கிறது அந்தக் கடை. வாசலில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளோடு சுற்றும் கம்பம். வெயில் பட்டுச் சிவப்பு வெளுத்துப் போய்விட்டது; நீலம் மட்டும் மிச்சம். மேலே தகரப் பலகை. அதிலுள்ள தொலைபேசி எண்ணில், 03 என்ற ஊர்க் குறியீடு போக ஏழு இலக்கம்தான். டோக்கியோ எண்களுக்கு முன்னால் ஒரு 3 சேர்த்து எட்டு இலக்கம் ஆக்கியது 1991 ஜனவரி 1 அன்று. பலகை அதற்கும் மூத்தது!

பக்கத்திலேயே இன்னொரு பலகை. பேத்திதான் வாசித்தாள். இது 'ரியோ', அது 'பியோ'. முதல் எழுத்து ஒன்றுதான் வேறு. முன்னது சவரம் செய்யும் முடிதிருத்தகம், பின்னது அழகு நிலையம். இரண்டுக்கும் உரிமம் தனித்தனி. கணவர் இங்கே, மனைவி அங்கே. அம்மாவின் பலகையில் 'பாமா' என்றும் இருக்கிறதாம். "யாரம்மா அந்த பாமா?" என்றேன். 'பெர்மனென்ட்' என்ற சுருள்முடி அலங்காரத்தைத்தான் இவர்கள் அப்படிச் சுருக்கிவிட்டார்களாம். பேத்தி இன்னும் சிரிக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உள்ளே போனேன். பெரியவருக்கு என்னைவிட வயது அதிகம். நாற்காலியைச் சாய்த்து, முகத்தில் சூடான துண்டு போட்டு, பிரஷ்ஷால் நுரை பூசி, நெற்றி, காது மடல் வரை கத்தியால் மழித்தார். கை நடுங்கவே இல்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ். முடிதிருத்துவோருக்கு இங்கே 1947 முதல் தனிச் சட்டம் உண்டு. இன்று இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பள்ளியில் படித்து, தேசியத் தேர்வு எழுதித்தான் கத்தி பிடிக்க முடியும். "பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பிறகு கடை இல்லை" என்று அவர் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்.

அந்தச் சான்றிதழைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது.

"படிக்கலேன்னா சிரைக்கத்தான் போகணும்" என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார். நான் அப்படிச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள், அவன் குனிந்துகொள்வான். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் மறுபடி சொன்னேன். மாதா மாதம் அவன் அப்பாவிடம்தான் முடி வெட்டிக்கொண்டேன். "வாங்க சார்" என்று எனக்காகத் துவைத்த துண்டாக எடுத்துப் போடுவார். அவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு, அவர் தொழிலை அவர் மகன் முன்னால் வசவாக்கியவன் நான்.

தம்பி, இதை நீ படித்தால், உன் சாரை மன்னித்துவிடு. நான் இத்தனை தாமதமாகச் சொல்வதையும் சேர்த்து.

என் மாணவர்களில் இன்று ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலர். நான் கற்றுக்கொடுத்ததில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.