கால் கனக்குது சார்

நான் உடற்கல்வி ஆசிரியர். பயிற்சியின்போது கால் கனக்கிறது என்று சொன்ன பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். தண்டனையாக இன்னொரு சுற்று ஓடவும் விட்டிருக்கிறேன். மறுநாள் தொடை வலிக்கிறது என்று வந்தால், "லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கு, ஓடினா கரைஞ்சிடும்" என்பேன். இரண்டும் தப்பு. முதலாவது கொடுமையும்கூட.

தசைக்குள் மெல்லிய உணர்வு நரம்பிழைகள் வந்து முடிகின்றன. தசை கடுமையாக உழைக்கும்போது ஹைட்ரஜன் அயனி, லாக்டேட், செல்லிலிருந்து கசியும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஆகிய மூன்றும் அந்த முனைகளைச் சூழ்ந்துகொள்ளும். அமிலத்தை உணரும் வாயில்களும் ஏ.டி.பி.யை உணரும் வாயில்களும் அங்கே இருக்கின்றன. அவை திறந்ததும் தண்டுவடம் வழியாக மூளைக்குச் செய்தி போகிறது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. கட்டைவிரலின் அடித்தசையில் இந்தப் பொருள்களை ஊசிவழி செலுத்தினார்கள். தனித்தனியாகச் செலுத்தியபோது களைப்போ வலியோ வரவில்லை. மிதமான உழைப்பில் உண்டாகும் அளவுக்கு மூன்றையும் சேர்த்துச் செலுத்தியதும், எந்த வேலையும் செய்யாத விரல் களைத்தது, கனத்தது. அளவைக் கூட்டியபோது வலித்தது. அசையாமல் கிடந்த விரலை யார் சோம்பேறி என்பது?

லாக்டிக் ஆசிட் என்று நான் சொல்லிவந்த லாக்டேட், ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் வலிக்கு அது காரணமில்லை. பழக்கமில்லாத உழைப்பில் தசைநார்களில் ஏற்படும் நுண்காயமும், அதைத் தொடர்ந்து நரம்புமுனைகள் கூருணர்வு பெறுவதும்தான் காரணம்.

இதையெல்லாம் படித்த பிறகும் சில காலம் நான் மாறவில்லை. மைதானத்தில் குரலைத் தாழ்த்தினால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன். அறியாமல் செய்ததைக்கூட மன்னிக்கலாம், இதை எப்படி மன்னிப்பது? 400 மீட்டர் ஓடிய ஒரு பையன், கடைசி வளைவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொடை துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "நடிக்காதே" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அதன் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

என் போன்ற ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கால் கனக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்கே, எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள்.