வேக்கூம் லிஃப்டும் அம்மையின் நாற்காலியும்



வீட்டுக்கு லிஃப்ட் வைக்கப் போகிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டதிலிருந்து தினமும் நாலு பேராவது கேட்கிறார்கள். எந்த லிஃப்ட், என்ன விலை, காற்றிலேயே ஓடுமாமே உண்மையா, சாருக்கு இந்த வயசில் இது தேவையா. கடைசிக் கேள்வியைக் கேட்டவன் 1998 பேட்ச். இயற்பியலில் என்ன மார்க் எடுத்தான் என்று இங்கே சொல்லவில்லை. அவனுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பு என்றைக்கு மணி அடித்ததும் முடிந்திருக்கிறது?

நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று தரையோடு நீளமாகப் போகும். வயசானவர்கள் படியேற வேண்டிய அவசியமே வராது. மாடி என்பது அரண்மனைக்காரர்கள் காரியம். பத்மநாபபுரத்துக்கு உங்களைச் சுற்றுலா கூட்டிப்போனபோது அந்தச் செங்குத்தான மரப்படிகளில் குனிந்து பிடித்து ஏறினோமே, ராஜாவுக்கும் அதே கதிதான். நாங்களோ நாலரை சென்டில் வீடு கட்டியவர்கள். கீழே ஹால், அடுக்களை, ஒரு சின்ன அறை. அந்த அறை அம்மைக்கு. எங்கள் படுக்கையறை மேலே. நடுவில் 19 படி.

உங்கள் டீச்சரம்மாவுக்கு இரண்டு முட்டும் தேய்ந்துபோய் இரண்டு வருஷமாகிறது. ஆபரேஷனுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார், சர்க்கரை இருப்பதால். "கட்டிலைக் கீழே கொண்டுவந்து ஹாலில் போட்டா முடிஞ்சுது, இதுக்கு ஏன் அண்ணேன் இவ்வளவு செலவு?" என்று தங்கச்சி கேட்டாள். நாலு மாசமாக அப்படித்தான் இருக்கிறோம். வீட்டுக்கு யாராவது வந்தால் படுத்திருப்பவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

முதலில் விசாரித்தது சாதாரணக் கயிற்று லிஃப்ட். அதற்குக் கீழே நாலைந்து அடி குழி வேண்டும். எங்கள் தெரு ஒரு காலத்தில் பழையாற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல். கொத்தனார் வந்து பார்த்தார், சிரித்தார். "சாரே, இங்க நாலடி தோண்டினா லிஃப்ட் வராது, கிணறுதான் வரும்." ஐப்பசியில் எங்கள் புறவாசலைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஹைட்ராலிக் லிஃப்டுக்குக் குழி குறைவு. ஆனால் எண்ணெய்த் தொட்டிக்கும் பம்புக்கும் இடம் வேண்டும், சுற்றிலும் சட்டகம் வேண்டும். படிக்கட்டில் தண்டவாளம் பதித்து அதில் நாற்காலி ஓடுகிற ஏற்பாடும் இருக்கிறது. இருப்பதில் விலை குறைவு அதுதான். படி அகலமாக உள்ளவர்கள் அதை முதலில் பாருங்கள். எங்கள் படி இரண்டே முக்கால் அடி. நாற்காலியை மாட்டிவிட்டால் மற்றவர்கள் ஒருச்சாய்த்துத்தான் ஏற வேண்டும்.

அப்புறம்தான் இந்த வேக்கூம் லிஃப்ட். அர்ஜென்டினாக்காரர் கார்லோஸ் சோர்ஸ் கண்டுபிடித்தது. இப்போது நம்ம சென்னையிலேயே நிபாவ் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன உருளை. பார்க்கக் கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும். உள்ளே ஆள் நிற்கிற கேபின். குழி வேண்டாம், மேலே மெஷின் ரூம் வேண்டாம், தரைமேல் அப்படியே உட்காரும். மாடித் தளத்தில் வட்டமாக ஓட்டை போட்டால் போதும்.

எப்படி ஏறுகிறது? டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, அட்டையை மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவேனே, தண்ணீர் கொட்டாதே, அதே சங்கதிதான். கேபினுக்கு மேலே உள்ள காற்றை மோட்டார் உறிஞ்சி வெளியே விடுகிறது. மேலே அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் சாதாரணக் காற்று கேபினை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது மோட்டார் வேலை செய்வதில்லை. வால்வு திறந்து காற்றை மெதுவாக உள்ளே விட, கேபின் தன் எடையில் இறங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கை சும்மா இருக்காதே. உள்விட்டம் 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 6,300 சதுர செ.மீ. காற்று ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் ஏறக்குறைய 1 கிலோ எடையளவு அழுத்துகிறது. ஆக மேலே முழு வெற்றிடம் வைத்தால் 6 டன்னைத் தூக்கலாம். கேபினும் ஆட்களுமாக 300 கிலோ என்றால் அதில் 20-இல் ஒரு பங்குதான் தேவை. பெயர்தான் வேக்கூம், மேலே உள்ள காற்றில் 100-க்கு 5 குறைந்தாலே வண்டி கிளம்பிவிடும். "உள்ளே மூச்சு முட்டாதா?" என்று வீட்டில் கேட்டாள். காற்றை உறிஞ்சுவது கேபினுக்கு மேலே உள்ள இடத்தில். ஆள் நிற்கும் இடத்தில் நம் ஹாலில் உள்ள அதே காற்று, அதே அழுத்தம்.

எல்லாம் அந்த மேல்காற்றையும் கீழ்க்காற்றையும் பிரித்துவைக்கிற சீலை நம்பித்தான். இங்கிலாந்தில் புரூனெல் என்ற பெரிய என்ஜினீயர் 1847-இல் காற்றழுத்தத்தால் ரயிலையே ஓட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவே குழாய், குழாயின் மேல் பிளவை மூடத் தோல்பட்டை. அந்தத் தோல் கெட்டுப்போய்க் காற்று கசிந்து, ஒரே வருஷத்தில், 1848-இல், திட்டத்தைக் கைவிட்டார்கள். இப்போது தோல் இல்லை, நல்ல ரப்பர் வகைகள் வந்துவிட்டன. இருந்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி: சீல் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், என்ன விலை, மாற்ற வருகிற ஆள் எங்கேயிருந்து வருவான்? ஒரு கம்பெனியின் விற்பனைப் பையன் "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றான். சென்னையிலிருந்து நாகர்கோவில் 700 கிலோமீட்டர். எந்தக் கோளாறானாலும் அங்கிருந்துதான் ஆள் வர வேண்டும் என்பது அரை மணி நேரம் குடைந்த பிறகு தெரிந்தது. திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ ஆள் வைத்திருப்பவர்களைத் தேடுங்கள்.

விளம்பர வீடியோவில் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள், மோட்டார் சத்தம் கேட்பதில்லை. நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பழைய மாணவன் வீட்டில் போய்ப் பார்த்தேன். வளைகுடாவில் இருபது வருஷம் உழைத்துக் கட்டிய வீடு. ஏறும்போது பெரிய மிக்ஸி ஓடுகிற சத்தம் வருகிறது, இறங்கும்போது ஒன்றுமில்லை. மோட்டாரை லிஃப்ட் தலையிலேயே வைக்காமல் தள்ளி மொட்டைமாடியில் வைத்தால் சத்தம் குறையும். அம்மைக்குப் பகலில் தூக்கம் உண்டு என்பதால் நாங்கள் அப்படித்தான் கேட்டிருக்கிறோம். வேகம் நொடிக்கு 15 செ.மீ. எங்கள் வீட்டில் மாடிக்குப் போக 22 நொடி.

கரண்ட் போனால்? ஒக்கி புயலை நம்ம ஜில்லாவில் யார் மறப்பார்? 2017 நவம்பர் 30. சில ஊர்களில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம். இந்த லிஃப்ட் பாதியில் நிற்காது. மெதுவாகக் கீழே வந்துவிடும். கதவைத் திறந்து வெளியே வரலாம். அது பெரிய ஆறுதல். ஆனால் மறுபடி ஏறாது. அதனால் மேலே ஒரு குடம் தண்ணீர், மாத்திரை டப்பா, டார்ச் எப்போதும் இருக்கும். அம்மை கட்டில் கீழேயேதான்.

இனி உங்களில் பாதிப் பேர் என்னோடு சண்டை போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த லிஃப்ட் பெரும்பாலும் மூன்று அளவில் வருகிறது. வெளிவிட்டம் சுமார் 75, 93, 131 செ.மீ. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சிறியதில் ஒருவர், நடுவில் உள்ளதில் இரண்டு பேர், பெரியதில் மூன்று பேர் அல்லது ஒரு சக்கர நாற்காலி. எனக்கு வந்த மதிப்பீட்டில் நடுவிலுள்ளதற்கும் பெரியதற்கும் நாலு லட்சத்துக்கு மேல் வித்தியாசம், அதற்குமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வீட்டுக்காரி முட்டுக்கு நடு அளவே தாராளம். பெரியது யாருக்கு என்றால், அம்மைக்கு. "பெரியம்மைக்கு 89 ஆச்சு. எத்தனை நாளைக்குன்னு இவ்வளவு ரூவாயைப் போடுதிய?" என்று ஒருவர் கேட்டார். கெட்ட மனசோடு கேட்கவில்லை. என் பென்ஷன் எவ்வளவு என்று தெரிந்தவர். அக்கறையில் கேட்டதுதான்.

நான் சாக்பீஸும் நூலும் எடுத்தேன். ஹாலில் இரண்டு வட்டம் போட்டேன். அம்மையின் நாற்காலியை அளந்தேன்: அகலம் 63, கால்தாங்கியோடு நீளம் 105. ஒரு செவ்வகம் வட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் அதன் மூலைவிட்டம் வட்டத்தின் விட்டத்தைத் தாண்டக்கூடாது. பிதாகரஸ் போட்டால் 122 வருகிறது. வெளிவிட்டம் 131 என்பது வெளியே உள்ள அளவு. உருளைச் சுவர், கேபின் சுவர் எல்லாம் கழிந்துதான் உள்ளே. கம்பெனியிடம் கேபின் தரையின் அளவுப் படத்தைக் கேட்டு வாங்கினேன். கால்தாங்கியோடு நுழையாது. அதைக் கழற்றிவிட்டால் நீளம் 80, மூலைவிட்டம் 102. காலை மடக்கி உட்கார்ந்தால் நுழையும். "வீல்சேர் போகும் சார்" என்று யாராவது சொன்னால் எந்த வீல்சேர் என்று கேளுங்கள். கதவின் திறப்பு எத்தனை செ.மீ. என்றும் கேளுங்கள். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

நாற்காலி உள்ளே போன பிறகு பக்கத்தில் மிச்சம் ஒரு சாண் சொச்சம்தான். கூட ஒருவர் நிற்க முடியாது. அம்மை தனியாகத்தான் மேலே வர வேண்டும். இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கும் வீட்டுக்காரிக்கும் இதே பேச்சு. பயந்துவிட்டால்? நடுவில் கதவைத் தட்டினால்? பெரியதே வேண்டாம் என்றுகூட முடிவு பண்ணினோம்.

காலையில் அம்மையிடமே கேட்டேன். சாக்பீஸ் வட்டத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குப்பிக்குள்ள அடைச்சு மேல அனுப்புவ. அப்படித்தானல?"

"ஆமாம்மா. 22 நொடி. ஆனா தனியாப் போகணும்."

"மேல போனா தாடகை மலை தெரியுமா?"

தெரியும். அம்மை பூதப்பாண்டியில் பிறந்தவள். வீடு கட்டின புதிதில் மாலை நேரம் மேலே வந்து நின்று மலையைப் பார்ப்பாள். ஆறு வருஷமாகப் பார்க்கவில்லை.

"அப்போ அனுப்பு. 22 நொடியில எனக்கு என்னல ஆயிரப்போவுது?"

பெரியதற்கே முன்பணம் கட்டிவிட்டேன். இன்னொரு காரணத்தையும் அந்த உறவுக்காரருக்குச் சொல்கிறேன். எனக்கு இப்போது 69, அவளுக்கு 66. இந்த லிஃப்டுக்குப் பன்னிரண்டு வயசாகும்போது எனக்கு 81. அன்றைக்கு யார் சக்கர நாற்காலியில் இருப்பார்கள் என்று அவரால் சொல்ல முடியுமா? குழாயை வைத்த பிறகு அகலப்படுத்த முடியாது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. தளத்தில் ஓட்டை போடும் முன் கட்டட என்ஜினீயரைக் கூட்டிவந்து பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். கொத்தனார் சொன்னால் போதாது. 1997-இலிருந்தே தமிழ்நாட்டில் லிஃப்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. "வீட்டு லிஃப்டுக்கு அனுமதி ஒண்ணும் வேண்டாம்" என்று ஒரு பையன் சொன்னான். எழுதிக்கொடு என்றேன், பேச்சை மாற்றினான். மின் ஆய்வாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது. வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், உள்ளே வெந்துபோகும். குழாயைத் துடைக்கச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், பெட்ரோல் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, பாலிகார்பனேட் வெடித்துவிடும். கோடையில் வோல்டேஜ் குறையும் தெருவென்றால் அதற்கு என்ன ஏற்பாடு என்று முதலிலேயே கேளுங்கள்.

தை பிறந்ததும் வேலை தொடங்குகிறார்கள். வாங்கும் எண்ணமுள்ளவர்கள் மாசியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஏறி இறங்கி, சத்தத்தையும் கேட்டுவிட்டுப் போகலாம். மாலை நாலரை மணிக்குமேல் வந்தால் அம்மையும் மேலே இருப்பாள்.